சாப்பிடறதில்லீங்க, பூசறதுங்க

காலையில் விளக்கேற்றி, "முருகா, இன்னைக்கு என் வாயில தப்பான வார்த்தை வராம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் நான் வேலைக்குக் கிளம்புவேன். வேலையிலிருந்து நின்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இதை எழுத உட்காரும் முன்பும் அதையே சொல்லிக்கொண்டேன்.

தோளில் பையும், பைக்குள் பிரஷர் மிஷினும் மாத்திரை அட்டைகளுமாகத் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கப் போகிற தங்கச்சிகளே, தம்பிகளே, நான் பத்தாவது வரை படித்தவள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் உதவியாளாகச் சேர்ந்தேன். அந்த ஆஸ்பத்திரியை மூடிய பிறகு உங்களைப் போலவே வீடு வீடாகப் போனேன். ஜனங்கள் என்னை நர்சக்கா என்று கூப்பிட்டார்கள். நான் நர்ஸ் இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "அதனாலென்னங்க நர்சக்கா" என்றார்கள். விட்டுவிட்டேன்.

பிரஷர் பார்ப்பது எப்படி, சர்க்கரை பார்ப்பது எப்படி என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வருவது கேள்வி கேட்பதைப் பற்றி. அதிலும் இருதய நோய்க்காரரிடம் கேட்பதைப் பற்றி.

நம் மலையில் இருதயத்துக்கு வெறும் மாத்திரையோடு நிற்கிறவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஒருவர் பூண்டைப் பாலில் வேக வைத்துக் குடிப்பார். ஒருவர் மருதம்பட்டைக் கசாயம் போடுவார். ஒருவர் செம்பருத்திப் பூவை வெறும் வயிற்றில் மென்று தின்பார். கோயில் திருநீறு, தர்கா தண்ணீர், ஜெபம் பண்ணின எண்ணெய் எல்லாம் உண்டு. இதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்து பிழைத்த நாளிலிருந்து, அவர் மாத்திரையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துத்தான் நான் கொடுக்கிறேன். மாத்திரையும் வேலை செய்கிறது, சாமியும் வேலை செய்கிறார். இருவருக்குள் சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

சங்கடம் எங்கே வருகிறது என்றால், டாக்டருக்குத் தெரியாமல் இரண்டு மருந்து ஒரு உடம்புக்குள் சந்தித்துக்கொள்ளும்போது. ஜனங்கள் மறைக்கிறார்கள் என்று நாம் நினைப்போம். பாதிக்கு மேல் மறைப்பதில்லை. நாம் கேட்கிற வார்த்தை அவர்கள் வீட்டு வார்த்தையாக இருப்பதில்லை, அவ்வளவுதான்.

இதை எனக்கு முதலில் காட்டியவர் எஸ்டேட் ஆஸ்பத்திரியின் பெரிய சிஸ்டர். மலையாளத்துக்காரர். வெள்ளை உடுப்புப் பையில் எப்போதும் ஜெபமாலை கிடக்கும், நடக்கும்போது கலகலவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் வார்டில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்துகொள்வோம். ஒருமுறை இருதயம் பலவீனப்பட்டு, கால் இரண்டும் பூசணிக்காய் போல வீங்கிய ஒரு பெரியவர் திரும்பத் திரும்ப வந்து படுத்தார். உப்பு சேர்க்கிறீர்களா என்று கேட்டால், முருகன் மேல் ஆணையாக இல்லை என்பார். அவர் சம்சாரமும் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு இல்லை என்பார். பெரிய சிஸ்டர் அவர்களோடு வாதாடவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு நேராக அவர் வீட்டுக்குப் போனார். உள்ளே நுழைந்ததும் அடுப்பைப் பார்த்தார். சட்டியில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"இதில் உப்பில்லையா அம்மே?" என்று கேட்டார்.

"கடவுளே, ஒரு கல்லு போடலைங்க சிஸ்டர். கருவாட்டுலயே இருக்குதுங்களே, அப்புறம் எதுக்குப் போடறது?" என்றது அந்த அம்மா.

பெரிய சிஸ்டர் அங்கேயே சிரித்துவிட்டார். அந்த அம்மாவும் ஏன் என்று தெரியாமலே கூடச் சிரித்தது. திரும்பி வரும் வழியில் என்னிடம் சொன்னார்: "அவர் பொய் பறஞ்சதில்லை, கேட்டோ. 'சேர்க்கிறது' என்று நாம் கேட்டோம். அவர் சேர்க்கவில்லை. இனி வீட்டில் கேறினால் முதலில் அடுப்பு நோக்கு."

அன்றிலிருந்து நான் அடுப்பைப் பார்க்கிறவளாக ஆனேன். பல வீட்டில் அது கைகொடுத்தது. ஆனால் அடுப்பும் காட்டிக்கொடுக்காத ஒரு வீடு வந்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

இத்தலார் பக்கத்தில் ஒரு பழைய லயத்தில் தெய்வானை என்று ஒரு அம்மா. சின்ன வயதில் அப்பா அம்மாவோடு இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். இன்றைக்கும் டீயைத் தேத்தண்ணி என்றுதான் சொல்வார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காலத்திலேயே மூச்சு வாங்க ஆரம்பித்து, கடைசியில் கோயம்புத்தூரில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து, கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைத்தார்கள். அதன்மேல் ரத்தம் கட்டிவிடாமல் இருக்க, ரத்தத்தைக் கெட்டிப்படாமல் வைக்கிற மாத்திரை ஒன்று ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை கயிற்றின் மேல் நடப்பது மாதிரி. குறைந்தால் வால்வில் ரத்தம் உறையும். கூடினால் கண்ட இடத்தில் ரத்தம் கசியும். அதனால் அடிக்கடி ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் உறைகிற டெஸ்ட் பார்க்க வேண்டும்.

தெய்வானைக்கு ஒரே ஒரு ஆசை. லயத்துக்கு மேலே மேட்டில் ஒரு சின்ன முருகன் கோயில் இருக்கிறது. தைப்பூசத்தன்று விடியற்காலையில் விளக்கேற்றியதும் பெண்கள் கும்மி அடிப்பார்கள். பாட்டை எடுத்துக் கொடுப்பது எப்போதும் தெய்வானைதான். அந்தக் குரல் கேட்டால் கீழே தேயிலைக் காட்டில் இருக்கிறவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். முந்தின பூசத்தின்போது அவர் ஆபரேஷன் முடிந்து கோயம்புத்தூரில் படுத்திருந்தார். கும்மி நடந்தது, ஆனால் நடுவில் பாட்டு மறந்து எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். பிழைத்து எழுந்தால் அடுத்த பூசத்துக்கு நானே வந்து பாடுகிறேன் என்று அவர் படுக்கையிலேயே வேண்டிக்கொண்டுவிட்டார்.

அவர் வீட்டுக்காரர் சன்னாசி. டீ பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு மிகக் குறைவு. கேட்டால் பதில், கேட்காவிட்டால் இருமல். மகன் மேட்டுப்பாளையத்தில் லோடு வண்டி ஓட்டுகிறான். மருமகள் கலாதான் வீட்டைப் பார்த்துக்கொண்டாள்.

ஐப்பசி வரை டெஸ்ட் எல்லாம் ஒழுங்காக இருந்தது. கார்த்திகைக் குளிர் தொடங்கியதும் டெஸ்டில் எண் ஏற ஆரம்பித்தது, ரத்தம் அளவுக்கு மேல் நீர்த்துப்போகிறது என்று அர்த்தம். பல் விளக்கினால் ஈறில் ரத்தம். கையில், தோளில், முழங்காலில் நீல நீலமாகக் கன்றிப்போன திட்டு. மாத்திரையைக் குறைத்தார்கள். கொஞ்சம் இறங்கியது, மறுபடி ஏறியது.

லயத்தில் வாய் சும்மா இருக்குமா? சன்னாசி கை நீட்டுகிறார் என்று தண்ணீர்க் குழாயடியில் பேச்சு கிளம்பிவிட்டது. பேசாத மனுசன் உள்ளுக்குள் எப்படி என்று யாருக்குத் தெரியும் என்றார்கள். நான் தெய்வானையைத் தனியாக உட்கார வைத்து, எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள் என்று கேட்டேன். அந்த அம்மா வயிறு குலுங்கச் சிரித்தது.

"அதுவா நர்சக்கா? அந்த மனுசன் ஈயைக்கூடக் கையால அடிக்காது. வாயால ஊதித்தான் வெரட்டும்."

சரி, அடி இல்லை. அப்புறம் என்ன?

மார்கழியில் ஒரு நாள் காலை கலா என் வீட்டுக்கு ஓடி வந்தாள். தெய்வானைக்கு மூக்கில் ரத்தம், நிற்கவில்லை. நான் போவதற்குள் லயமே வாசலில் கூடியிருந்தது. ஒருத்தி தெய்வானையின் தலையைப் பின்பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒருவர் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றச் சொன்னார். இன்னொருவர் கோயில் திருநீற்றை மூக்கில் அடைக்கக் கொண்டு வந்தார். தங்கச்சிகளே, இப்படிப்பட்ட நேரத்தில் கூட்டத்தோடு சண்டை போட்டால் நேரம்தான் போகும். நான் திருநீற்றை முதலில் கையில் வாங்கினேன். "நெத்தியில பூசுங்க சாமி, மூக்குல வேண்டாம்" என்று அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவருக்குத் திருப்தி. தெய்வானையை முன்பக்கம் குனிய உட்கார வைத்து, மூக்கின் மெத்தென்ற பாகத்தை இறுக்கிப் பிடித்தேன். தண்ணீர் ஊற்றச் சொன்னவரை ஜீப் பிடிக்க அனுப்பினேன். ஒரு வேலை கொடுத்தால் யாரும் எதிராளி இல்லை.

ஊட்டியில் இருதயப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். ராமநாதபுரத்துப் பக்கம். நம் குளிருக்குப் பயந்து கம்பளிக் குல்லாயைக் கழற்றவே மாட்டார். அவர் ரத்தத்தை நிறுத்தி, மருந்து கொடுத்து, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார். அனுப்பும்போது தெய்வானையிடமும் சன்னாசியிடமும் தெளிவாகச் சொன்னார்: காரணம் தெரியாமல் இப்படி ஏறினால் வீட்டில் வைத்திருப்பது ஆபத்து, பூசத்துக்கு முன்னால் சரியாகவில்லை என்றால் கோயம்புத்தூரில் சேர்த்துத்தான் ஆக வேண்டும். ஆபரேஷனுக்குக்கூட அழாதவர் அன்றைக்குத்தான் முந்தானையை வாயில் வைத்து அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் மகன் போனில் கத்தினான், அந்த மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போடு என்று. நான் போனை வாங்கி, தம்பி, ஏறினாலும் ஆபத்து, நிறுத்தினாலும் ஆபத்து, டாக்டர் சொல்லாமல் ஒரு துண்டும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்று சொன்னேன். இதை நீங்கள் எங்கே போனாலும் சொல்லுங்கள். பயத்தில் மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் நம் வேலையில் பெரிய பயம்.

அப்புறம் விசாரணை. வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார், நான் கேட்டேன், மகன் கேட்டான். இல்லை, இல்லை, இல்லை. நான் அடுப்பைப் பார்த்தேன். சோறு, அவரைக்காய்க் குழம்பு, தேத்தண்ணி. பரணில் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஊர் சும்மா விடவில்லை. கலாதான் எதையோ அரைத்துக் கொடுக்கிறாள் என்று பேச்சு திரும்பியது. அந்தப் பெண் அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள், "அத்தைக்கு நான் கசாயம் வச்சது ஒரே ஒரு தடவைங்க, அதுவும் சளிக்கு, அதுவும் அத்தை குடிக்காம வாழைக்கு ஊத்திட்டாங்க." தெய்வானை உள்ளே இருந்து, "கசக்குதுல்ல" என்றார்.

பக்கத்து ஊரில் ஒரு வைத்தியர் இருக்கிறார். மருதம்பட்டைக்குப் பேர் போனவர். அவர்தான் ஏதாவது கொடுத்திருப்பார் என்று சந்தேகம். போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தெய்வானை வந்தது உண்மை என்றார். "சேலையை ஒதுக்கித் தையலைக் காட்டினாங்க. நெஞ்சுல தையல் இருந்தா நான் பட்டையும் குடுக்கறதில்ல, பொடியும் குடுக்கறதில்ல. ஏற்கனவே ஒருத்தர் ஓட்டுற வண்டியில நான் ஏறி ஸ்டீரிங்கைப் பிடிக்கறதாங்க?" என்றார். நல்ல மனுசன். அவர் போட்ட சுக்குக் காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

பூசம் நெருங்கிவிட்டது. டெஸ்டில் எண் இறங்கவில்லை. நான் முருகனிடம் கொஞ்சம் கோபமாகவே பேசினேன். உனக்குப் பாட வேண்டியவள்தானே, உனக்கு அக்கறை இல்லையா என்று கேட்டேன். வயதானவளின் கோபம், அவர் பொறுத்துக்கொண்டார்.

டாக்டர் போன் செய்தார். "அக்கா, ஞாயித்துக்கிழமை நான் சும்மாதான் இருக்கேன். அவங்க வீட்டை ஒரு தடவை நேர்ல பாத்துரவா?" என்றார். வாருங்கள் என்றேன்.

மாலை நேரம். பனி இறங்க ஆரம்பித்திருந்தது. நாங்கள் போனபோது சன்னாசி அப்போதுதான் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் திறந்துவிட்டார். டாக்டர் குனிந்து உள்ளே ஒரு காலை வைத்தார். வைத்ததும் தும்மினார். இன்னொரு தும்மல். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னக்கா இது, வீடு முழுக்க இந்த வாசம்?" என்றார்.

நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. தெய்வானையும் முகர்ந்து பார்த்தார். கலாவும் பார்த்தாள். "என்ன வாசம்?" என்று நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகக் கேட்டோம்.

"வெளையாட்டுல அடிபட்டா ஒரு ஸ்ப்ரே அடிப்பாங்கல்ல, அந்த வாசம்."

கலா சிரித்துவிட்டாள். "அதுங்களா? அது தைலமுங்க. இங்க எல்லா ஊடும் அப்படித்தானுங்களே."

உண்மைதான். நம் மலையில் தைல வாசம் இல்லாத வீடு எது? நாம் அதற்குள்ளேயே பிறந்து வளர்கிறோம். மீனிடம் போய்த் தண்ணீர் நனைக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்லும்? பெரிய சிஸ்டர் எனக்குக் கண்ணைக் கொடுத்தார். மூக்கு கடற்கரையிலிருந்து வர வேண்டியிருந்தது.

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். எந்தத் தைலம், நீலகிரித் தைலமா என்று கேட்டார். சன்னாசிதான் பதில் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அது இல்லை, மற்றது, விண்டர்கிரீன் தைலம், முட்டிவலிக்கு அதைப்போல வேறு இல்லை, சொந்தக்காரர் ஒருவர் தைலம் காய்ச்சுகிற இடத்தில் வேலை பார்க்கிறார், அங்கிருந்து கலப்பில்லாமல் வரும் என்றார். சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருந்து பாட்டிலை எடுத்து வந்தார். பெரிய பாட்டில். கார்த்திகையில் குளிர் தொடங்கியதிலிருந்து தினமும் மாலையில் அவரே சம்சாரத்துக்கு முட்டி, தோள், முதுகு எல்லாம் நன்றாகத் தேய்த்து, கம்பளியைச் சுற்றிவிடுவாராம்.

டாக்டர் பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக, "இத்தனை தடவை கேட்டமே ஐயா. இதை ஏன் சொல்லலை?" என்றார்.

சன்னாசி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க சாப்பிடற மருந்தத்தானுங்களே கேட்டீங்க. இது சாப்பிடறதில்லீங்க, பூசறதுங்க."

எனக்குக் கருவாட்டுக் குழம்பு ஞாபகம் வந்துவிட்டது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

டாக்டர் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இந்தத் தைலம் தோலில் நிற்பதில்லை, ஊறி உள்ளே போகும். அங்கே போய் அந்த மாத்திரையோடு கூட்டுச் சேர்ந்துகொண்டு, ரத்தத்தை இன்னும் தண்ணியாக்கும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் பூசினால் பயப்பட ஒன்றுமில்லை, இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆகாது. நீலத் திட்டு, ஈறு, மூக்கு எல்லாவற்றுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம், நிறுத்திப் பார்த்தால் டெஸ்ட் சொல்லிவிடும் என்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. இதைக் கவனியுங்கள். அந்த இடத்தில் ஒரு அதட்டல் போட்டிருந்தால், அதற்குப் பிறகு அந்த லயத்தில் ஒரு வீடும் நமக்கு ஒன்றும் சொல்லாது.

திட்டாமலே சன்னாசி உடைந்துபோனார். தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். "அப்ப ஊரு சொன்னது சரிதானுங்க. என் கையாலதான் அதுக்கு நீலம் கட்டியிருக்குது" என்றார்.

தெய்வானைதான் பேசினார்.

"கட்டுன நாளா ஒரு அடி அடிக்கத் தெரியாத மனுசன். தடவியே அடிச்சிருக்குது பாருங்க."

டாக்டர் குல்லாயைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அவருக்கு முடி இவ்வளவு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சன்னாசியும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஆனால் சிரித்து முடித்ததும் அவர் ஒரு கேள்வி கேட்டார். "அப்ப சாயங்காலம் நான் என்னங்க பண்ணறது?" அந்தக் கேள்வியை நான் மறக்கவே மாட்டேன். பேசத் தெரியாத அவர் பேசியதெல்லாம் அந்தத் தேய்ப்பில்தான். ஒரு மருந்தை வேண்டாம் என்று சொல்லும்போது, அதைக் கொடுத்த கையையும் சேர்த்து வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. டாக்டருக்கு அது புரிந்தது. தைலம் மட்டும் வேண்டாம், கை இருக்கட்டும், வெறும் தேங்காய் எண்ணெயைச் சூடு காட்டி, அழுத்தாமல் மெதுவாகத் தடவுங்கள் என்றார்.

கடற்கரைக்காரர் அல்லவா, நம் குளிரில் தேங்காய் எண்ணெய் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டு விழவில்லை, வெள்ளைக் கல்லாக நின்றது. ஒவ்வொரு தடவையும் அடுப்பில் வைக்க கேஸ் தீருமே என்று சன்னாசி ஒரு வழி கண்டுபிடித்தார். சின்ன பாட்டிலில் எண்ணெயை ஊற்றி, ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு சுற்றுவார். சாயங்காலத்துக்குள் எண்ணெய் உருகி, உடம்புச் சூட்டில் இதமாக இருக்கும். குழாயடியில் அதையும் பேசினார்கள். ஐயா நெஞ்சுல தாயத்தா என்று கிண்டல் செய்தார்கள். ஆனால் இந்த முறை பேச்சில் விஷம் இல்லை.

அடுத்த டெஸ்டில் எண் இறங்கியது. அதற்கடுத்ததில் இருக்க வேண்டிய இடத்தில் வந்து நின்றது. டாக்டர் எனக்குப் போன் செய்து, "அக்கா, பாடச் சொல்லுங்க. குதிக்கக் கூடாது, மெதுவா ஒரு சுத்து" என்றார். நான் போனை வைத்துவிட்டு முருகனிடம், அன்றைக்குக் கோபத்தில் பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்று சொன்னேன்.

பூசத்தன்று விடியற்காலை. புல்லெல்லாம் உப்புக் கொட்டியது போல உறைபனி. லயம் முழுக்க மேட்டில் கூடிவிட்டது. டாக்டரும் குல்லாயோடு வந்திருந்தார். பூசாரி அபிஷேகத்தை முடித்துவிட்டு விளக்கேற்றப் போனால், கோயில் டின்னில் எண்ணெய் கல்லாக உறைந்து கிடந்தது. கரண்டியால் சுரண்டுகிறார், வரவில்லை. விறகும் பனியில் நனைந்து புகைகிறது. விளக்கு எரியாமல் பாட்டு ஆரம்பிக்க முடியாது. தெய்வானை சால்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கி நிற்கிறார். கூட்டத்தில் முணுமுணுப்பு.

சன்னாசி முன்னால் வந்தார். ஸ்வெட்டருக்குள் கையை விட்டுப் பாட்டிலை எடுத்து நீட்டினார். எண்ணெய் தண்ணீராக ஆடியது.

பூசாரி வாங்கக் கையை நீட்டி, பாதியில் நிறுத்திவிட்டார். "ஏனுங்க, இது தெய்வானையம்மா முட்டிக்குப் போடற எண்ணெயாச்சுங்களே. சாமிக்கு எப்படிங்க ஊத்தறது?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். என் மனதும் ஒரு நொடி தயங்கியது. எல்லோரும் சன்னாசியைப் பார்த்தோம். அவர் பாட்டிலைத் திரும்ப உள்ளே வைக்கப் போனார். கேட்டால் பதில், இல்லாவிட்டால் இருமல் என்றிருந்த மனுசன், நின்று, பூசாரியைப் பார்த்துச் சொன்னார்:

"தெய்வானை முட்டிக்கு ஆகறது முருகனுக்கு ஆகாதுங்களா?"

பிறகு பூசாரியே முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே பாட்டிலை வாங்கி, சன்னதிக்குள் போய் ஊற்றித் திரியை ஏற்றினார். மேடு முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பின் மேலேயே தெய்வானை பாட்டை எடுத்தார். ஆபரேஷனுக்குப் பிறகு குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது, ஆனால் ஒரு வரியும் மறக்கவில்லை. ஒரு சுற்று என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு சுற்று முடிந்ததும் நானே கையைப் பிடித்து உட்கார வைத்தேன். உட்கார்ந்தபடி கடைசி வரை பாடினார், உட்கார்ந்தபடியே கை தட்டினார். டாக்டர் கும்மிக்குள் புகுந்து எல்லோருக்கும் எதிர்ப்பக்கமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் எந்த வீட்டிலும் "வேற மருந்து சாப்பிடுறீங்களா" என்று கேட்டதே இல்லை. என்ன குடிக்கிறீர்கள், என்ன மெல்லுகிறீர்கள், என்ன பூசுகிறீர்கள், என்ன கட்டுகிறீர்கள், என்ன புகை போடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். நம் ஜனங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை உண்டு. எந்த வார்த்தையைத் தட்டுகிறோமோ அந்தக் கதவுதான் திறக்கும். திறந்ததும் தெரிய வந்ததை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். நீங்களாகவே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். யார் பூசிவிடுகிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூசத்துக்கு மறுநாள் நான் தெய்வானையைப் பார்க்கப் போனேன். கும்மி தட்டியது எங்காவது கன்றியிருக்குமோ என்று பயம். கையைக் காட்டுங்கள் என்றேன். இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டினார். நன்றாகச் சிவந்திருந்தது. நீலம் எங்கும் இல்லை. பக்கத்தில் சன்னாசி, நெஞ்சில் பாட்டிலோடு, சாயங்காலம் ஆகட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.